குருதியை அளந்த துலாக்கோல்

மருந்து என்பதும் நஞ்சு என்பதும் பல வேளைகளில் ஒரே பொருளுக்கு இட்ட இரு பெயர்களே. அவற்றினிடையே நிற்கும் வேலி அளவு ஒன்றுதான். வள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார். அதில் அளவறிதலுக்குத் தலையாய இடம் தந்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாது மாநகரில் வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தீ, கூட்டு மருந்துகளின் வீரியத்தைக் கணித முறையால் படிநிலைகளாக வகுத்துக் காட்டும் நூலொன்றை அரபியில் யாத்தார். மருத்துவத்துள் கணக்கைப் புகுத்திய தொடக்க நூல்களுள் அது ஒன்றாகும். இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியரும் அதனைப் பயின்றனர். ஹிஜ்ரி 515இல், அதாவது கி.பி. 1121இல், மர்வு நகரத்து அல்காஸினீ துலாக்கோலைப் பற்றியே ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் பெருநூலை எழுதி முடித்தார். ஞானத்தின் துலாக்கோல் என்பது அப்பெயரின் பொருள்.

பொன்னை நிறுக்கத் துலாக்கோல் உண்டு. நெல்லை அளக்க மரக்கால் உண்டு. ஆனால் மனிதனின் நரம்புகளில் ஓடிக்கொண்டிருக்கும் குருதியில் கரைந்து நிற்கும் மருந்தை எதைக் கொண்டு நிறுப்பது? அதுவும், ஒரு துளி மிகுந்தால் குருதி பெருக்கெடுத்து உயிர் போகும், ஒரு துளி குறைந்தால் குருதி கட்டிப்பட்டு உயிர் போகும் என்னும் நிலையில் உள்ள மருந்தை? இவ்வினாவுக்கு விடை காண மனிதர் நடந்த வழி நெடியது. அவ்வழி ஆண்டலூசியாவின் சிற்றூர் ஒன்றைத் தொட்டு, பால்டிமோர், டொராண்டோ, மிச்சிகன் எனச் சுற்றி, நம் கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் வந்து நிற்கிறது. அந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸஹ்ராவீ கண்ட சிற்றூர்

குருதிக்கு இறைவன் விதித்த கடமைகள் இரண்டு. அவை ஒன்றுக்கொன்று முரணானவை. குழாய்க்குள் இருக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குழாயை விட்டு வெளியேறிய அக்கணமே அது உறைய வேண்டும். ஓட வேண்டிய இடத்தில் உறைந்தால் மாரடைப்பும் பக்கவாதமும் வரும். உறைய வேண்டிய இடத்தில் ஓடினால் சிறு கீறலும் உயிரைக் கொண்டுபோகும்.

இரண்டாவது கேட்டினை மருத்துவ நூலில் தெளிவாகப் பதிந்த முன்னோடி குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ ஆவார். ஹிஜ்ரி 404ஐ ஒட்டி மறைந்த அன்னார், ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் முப்பது பகுதிகள் கொண்ட மருத்துவக் களஞ்சியத்தை ஆக்கியவர். அதில் ஒரு சிற்றூரைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அவ்வூரில் ஆண்மக்களுக்குச் சிறு காயம் பட்டாலும் குருதி நில்லாமல் வழிந்து இறந்துபடுவர் என்றும், ஈறு தேய்ந்து கசிந்த குருதியே சில சிறுவரின் உயிரை மாய்த்தது என்றும் எழுதுகிறார். இன்று ஹீமோஃபீலியா என மருத்துவர் வழங்கும் பரம்பரை நோய் இதுவே என ஆய்வாளர் கருதுவர்.

இச்செய்தி நம் குடும்பங்களுக்கு வெறும் பழங்கதை அன்று. ஆண்பிள்ளைகளுக்குக் கத்னா செய்வது நம் வழக்கம். தாய்வழி ஆண் உறவினரில் எவருக்கேனும் குருதி நில்லாத குறை இருந்ததா என்று முன்கூட்டியே விசாரித்து மருத்துவரிடம் சொல்லுதல் பெற்றோரின் கடமை. பிள்ளையின் உறைவுத் தன்மையைச் சோதித்தறிய இன்று வழியுண்டு. அக்குறை உள்ள பிள்ளைக்கும் உரிய மருந்து கொடுத்துப் பாதுகாப்பாகச் செய்விக்க இயலும்.

அட்டையின் வாயிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு

குருதியை உறையாமல் தடுக்கும் பொருளை மனிதன் முதலில் கண்டது ஓர் எளிய உயிரிடத்திலாகும். நம் சித்த மருத்துவரும் யூனானி ஹகீம்களும் அட்டை விடும் வைத்தியத்தை நெடுங்காலமாக அறிவர். இப்னு ஸீனா தம் ‘கானூன்’ நூலில் அட்டைகளின் வகைகளையும் பயன்படுத்தும் முறையையும் பேசுகிறார். அட்டை கடித்த இடத்தில் குருதி நெடுநேரம் கசிவது ஏன் என்பதற்கு விடை 1884இல் கிடைத்தது. ஜான் ஹேகிராஃப்ட் என்னும் பிரித்தானிய அறிஞர், அட்டையின் வாய்ச்சுரப்பில் குருதி உறைவைத் தடுக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார். ஹிருடின் எனப் பின்னாளில் அது பெயர் பெற்றது.

ஆயினும் வரலாற்றின் பெருந்திருப்பம் 1916இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர், பேராசிரியர் வில்லியம் ஹோவெல் என்பாரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தார். குருதியை உறையச் செய்யும் பொருளைத் தேடுவதே அவருக்கு இடப்பட்ட பணி. மூளையிலிருந்தும் இதயத்திலிருந்தும் ஈரலிலிருந்தும் சாறுகளைப் பிரித்துச் சோதித்தார். ஈரலிலிருந்து எடுத்த சாறு நாள்பட்ட பின்னர் எதிர்மாறாக வேலை செய்தது. குருதியை அது உறையவே விடவில்லை. தேடியது ஒன்று, கிடைத்தது அதன் நேர்மறு. 1918இல் ஹோவெலும் எம்மெட் ஹோல்ட் என்பாரும் இத்தகைய பொருளுக்கு ஹெபாரின் எனப் பெயரிட்டனர். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. கண்டுபிடித்த பெருமை யாருக்கு உரியது என்னும் வழக்கு, மக்லீன் 1957இல் மறையும் வரை ஓயவில்லை. அதற்குப் பின்னும் ஓயவில்லை. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே அறிவின் உரிமை எவ்வாறு பங்கிடப்படும் என்பது எக்காலத்தும் எளிதில் தீராத வழக்கே.

கண்டுபிடிப்பு மருந்தாக மாறுவதற்கு மேலும் இருபது ஆண்டுகள் கழிந்தன. இன்சுலின் வரலாற்றில் பெயர் பெற்ற சார்லஸ் பெஸ்ட், டொராண்டோவில் ஹெபாரினைத் தூய்மைப்படுத்தும் பணியைத் தொடங்கி வைத்தார். ஸ்வீடனில் எரிக் யோர்ப்பெஸ் அதன் வேதியியல் இயல்பை ஆராய்ந்தார். 1930களின் இடைப்பகுதியில் இவ்விரு நாடுகளிலும் அது மனிதருக்குச் செலுத்தப்பட்டது.

அதன் பின்னர் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1943இல், ஜெர்மானியப் படையின் பிடியில் கிடந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் சுழலும் உருளையொன்றால் சிறுநீரகத்தின் பணியைச் செய்யும் இயந்திரத்தை அமைத்தார்; டயாலிசிஸ் அங்கே வேர் பிடித்தது. 1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், இதயத்தையும் நுரையீரலையும் சற்றே ஓய்வெடுக்கச் செய்து, அவற்றின் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்து, இதயத்தைத் திறந்து அறுவை செய்தார். தமிழ்நாட்டில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் என். கோபிநாத் 1962இல் திறந்த இதய அறுவையை வெற்றியுடன் நிகழ்த்தினார். இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. குருதி உடலை விட்டு வெளியே வந்து, குழாய்களிலும் இயந்திரத்திலும் சுற்றி, மீண்டும் உடலுக்குள் போக வேண்டும். வெளியே வந்த குருதி உறைய முனையும். அதனைத் தடுத்து நிறுத்தியது ஹெபாரினே.

கண்ணாடிக் குழாயின் காலம்

மருந்து கிடைத்தது, அதை அளக்கும் கோல் கிடைக்கவில்லை. ஒரே அளவு ஹெபாரினை இருவருக்குக் கொடுத்தால் ஒருவர் உடலில் அது விரைந்து கரையும். மற்றவர் உடலில் நெடுநேரம் நிற்கும். ஆதலின் மருத்துவர்கள் மருந்தை அளக்காமல், மருந்தின் விளைவை அளந்தனர்.

1913இல் பாஸ்டன் நகரத்து லீ, ஒயிட் என்னும் இரு மருத்துவர்கள் எளிய முறையொன்றை வகுத்திருந்தனர். குருதியைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, எத்தனை நிமிடத்தில் உறைகிறது என்று பார்ப்பதே அம்முறை. 1966இல் ஹாட்டர்ஸ்லி என்பார், குழாய்க்குள் நுண்மண் தூள் ஒன்றை இட்டு உறைவை விரைவுபடுத்தி, நொடிக்கணக்கில் அளக்கும் முறையைக் கொண்டு வந்தார். இதய அறுவை அரங்குகளில் இன்றளவும் பெரும்பாலும் ஆட்சி செய்வது அம்முறையே.

ஆனால் இதில் ஒரு குறையுண்டு. உறையும் நேரம் நீள்வதற்கு ஹெபாரின் மட்டும் காரணம் அன்று. அறுவையின்போது உடல் குளிர்விக்கப்பட்டாலும் நேரம் நீளும். குருதி நீர்த்தாலும் நீளும். குருதித் தட்டணுக்கள் குறைந்தாலும் நீளும். கடிகாரம் நேரத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. அறுவை முடிந்ததும் ஹெபாரினை முறிக்க புரோட்டமின் என்னும் மாற்று மருந்து கொடுப்பர். மீன்விந்திலிருந்து பெறப்பட்ட புரதம் அது. ஹெபாரினை அது முறிக்கும் என்பது 1937இல் தெரியவந்தது. அதனைக் குறைவாகக் கொடுத்தால் குருதிப்பெருக்கு நில்லாது. மிகுதியாகக் கொடுத்தால் இரத்த அழுத்தம் வீழலாம். அதுவே குருதி உறைவையும் கெடுக்கும். எவ்வளவு ஹெபாரின் எஞ்சியுள்ளது என்பதை நேரே அறிந்தாலன்றி முறிமருந்தின் அளவைத் திண்ணமாகச் சொல்ல இயலாது.

மின்முனையின் வருகை

நேரே அறியும் வழி மின்வேதியியலிலிருந்து வந்தது. அதன் அடிப்படையை எளிமையாகச் சொல்வோம்.

உப்பு நீரில் கரையும்போது மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களாகப் பிரிகிறது; அவற்றை அயனிகள் என்பர். ஒரு மெல்லிய படலத்தின் இருபுறமும் அயனிகளின் செறிவு வேறுபடுமாயின், படலத்தின் குறுக்கே சிறு மின்னழுத்தம் எழும். 1889இல் ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட் இதற்குரிய கணக்கை வகுத்தார். ஒற்றை மின்னேற்றம் கொண்ட அயனியின் செறிவு பத்து மடங்கு மாறினால், அறையின் வெப்பத்தில் மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாறும். நீரின் அமிலத்தன்மையை அளக்கும் கண்ணாடி மின்முனை இந்நெறியில் பிறந்ததே. 1962இல் லீலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் என்னும் இருவர், நொதியையும் மின்முனையையும் இணைத்துக் குருதிச் சர்க்கரையை அளக்கும் வழியைக் காட்டினர். இன்று நீரிழிவு நோயாளர் வீட்டில் விரல்நுனியைக் குத்திப் பார்க்கும் சிறு கருவி அவ்வழியில் வந்த சந்ததியே.

அப்படியாயின் ஹெபாரினையும் அவ்வாறே அளந்துவிடலாமே எனத் தோன்றும். அங்கேதான் சிக்கல். ஹெபாரின் ஒரு நீண்ட சங்கிலி. அதன் உடலெங்கும் எதிர் மின்னேற்றம். ஒரு சங்கிலியில் ஏறத்தாழ 70 மின்னேற்றங்கள் உண்டு. நெர்ன்ஸ்ட் கணக்குப்படி மின்னேற்றம் கூடக் கூட மின்னழுத்த மாற்றம் குறையும். 59ஐ 70ஆல் வகுத்தால் ஒரு மில்லிவோல்ட்கூட எஞ்சாது. இத்துணைச் சிறிய மாற்றத்தைக் கொண்டு மருத்துவம் செய்ய இயலாது என்றே கணக்கு கூறியது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மார்க் மையர்ஹாஃப், விக்டர் யாங் ஆகியோரின் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றியது. நேர் மின்னேற்றம் கொண்ட கொழுப்பியல்புடைய உப்பொன்றைக் கலந்த பி.வி.சி. படலத்தை மின்முனையின் முகத்தில் அமைத்தனர். அப்படலத்தைக் குருதியில் நனைத்தபோது, ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவாக எதிர்பார்க்கப்பட்ட மாற்றம் பல பத்து மில்லிவோல்ட் அளவுக்கு எழுந்தது. காரணம் பின்னர் விளங்கிற்று. நெர்ன்ஸ்ட் வகுத்த கணக்கு, இருபுறமும் சமநிலை எய்திய பின்னர்ப் பொருந்துவது. இங்கோ ஹெபாரின் படலத்துக்குள் இடைவிடாமல் நுழைந்துகொண்டே, அங்கிருந்த குளோரைடு அயனிகளை வெளியேற்றிக்கொண்டே இருந்தது. சமநிலைக்கு முந்திய அந்த ஓட்டமே மின்னழுத்தத்தைப் பெருக்கிக் காட்டியது. கணக்குப் பிழையன்று, கணக்குக்கு அப்பாற்பட்ட நிலையில் கருவி வேலை செய்தது. 1994இல் எரிக் பாக்கரும் உடனிருந்து இதற்குரிய கோட்பாட்டை எழுதினர். புரோட்டமினை உணரும் மின்முனையும் அக்குழுவினரால் அமைக்கப்பட்டது. அதன் துணையால், குருதியில் ஹெபாரின் எவ்வளவு என்பதைத் துளித்துளியாகப் புரோட்டமின் சேர்த்து அறிய முடிந்தது. குருதியிலிருந்து செவ்வணுக்களைப் பிரிக்கும் வேலையும் தேவைப்படவில்லை. முழுக்குருதியிலேயே அளவு கிட்டியது.

இதன் குறையையும் சொல்லுதல் நேர்மை. படலத்துள் புகுந்த ஹெபாரின் எளிதில் வெளியேறாது. ஆகவே படலத்தை ஒருமுறை பயன்படுத்தி மாற்ற வேண்டும். இந்நாளில் பரவலாகப் பயன்படும் சிறுசங்கிலி ஹெபாரினுக்கு இம்மின்முனையின் மறுமொழி குறைவு. ஆதலால் இக்கருவி ஆய்வுக்கூடத்தில் ஈட்டிய புகழை அறுவை அரங்கில் இன்னும் முழுமையாக ஈட்டவில்லை.

கலப்படம் கொன்ற ஆண்டு

2007ஆம் ஆண்டின் இறுதியிலும் 2008இலும், அளத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை உலகம் துயரத்தோடு கற்றது. அமெரிக்காவில் ஹெபாரின் செலுத்தப்பட்ட நோயாளர்கள் பலர் திடீரென இரத்த அழுத்தம் வீழ்ந்து துடித்தனர். எண்பது அளவிலான மரணங்கள் அதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. மருந்தின் மூலப்பொருள் சீனாவிலிருந்து வந்தது. முந்திய ஆண்டுகளில் அங்கே பன்றிகளிடையே கொடிய தொற்று பரவி மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்திருந்தது. அந்நிலையில் ஹெபாரினைப் போலவே தோற்றமளிக்கும் மலிவான பொருளொன்று அதில் கலந்திருந்தது. மிகைக் கந்தகமேற்றிய காண்ட்ராய்டின் சல்பேட் என்பது அதன் பெயர். வழக்கமான சோதனைகள் உறையும் நேரத்தையே அளந்தமையால் அவை கலப்படத்தைக் காணவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றும் இந்திய வம்சாவளி அறிஞர் ராம் சசிசேகரன் தலைமையிலான குழுவினர், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தாரோடு சேர்ந்து 2008இல் அதன் உருவை இனங்கண்டனர். மையர்ஹாஃப் குழுவினரின் மின்முனையும் அங்கே கைகொடுத்தது. கலப்படப் பொருளின் மின்னேற்றம் ஹெபாரினைவிடச் செறிவானது; ஆகவே மின்முனை கூடுதலான மின்னழுத்தம் காட்டி அதனைப் பிரித்தறிந்தது.

நிறுவையில் குறைப்போரை இறைமறை எத்துணைக் கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நம் வாசகர் அறிவர். தராசில் செய்யும் மோசடி சந்தையோடு நின்றுவிடாது. நோயாளியின் நரம்பு வரை அது வந்து சேரும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

நம் உள்ளத்தில் எழும் வினா

மேலே கூறியதைப் படித்த உடனே நம் குடும்பத்தார் உள்ளத்தில் ஒரு வினா எழும். ஹெபாரின் பன்றியிலிருந்தா எடுக்கப்படுகிறது? ஆம், தொடக்கத்தில் மாட்டு ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் எடுக்கப்பட்ட அது, இன்று உலகில் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்தே பெறப்படுகிறது. மாட்டிலிருந்து பெறும் ஹெபாரின் சில நாடுகளில் உண்டு. மாட்டு மூளைநோய் அச்சத்தால் மேலை நாடுகள் 1990களில் அதனைக் கைவிட்டன.

இதை மறைப்பது அறமன்று; இதைச் சொல்லி நோயாளியை அச்சுறுத்துவதும் அறமன்று. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டது அனுமதிக்கப்படும் என்னும் ளரூரத் விதியை நம் மத்ஹபுகள் அனைத்தும் அறிந்துள்ளன. உயிரைக் காத்தல் ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. ஒரு பொருள் முற்றிலும் வேறொரு பொருளாக மாறிவிட்டால் அதன் சட்டநிலையும் மாறுமா என்னும் இஸ்திஹாலா விவாதத்தை, குவைத்தில் 1995இல் கூடிய இஸ்லாமிய மருத்துவவியல் அமைப்பின் கருத்தரங்கு விரிவாக எடுத்துக்கொண்டது. ஃபொண்டபாரினக்ஸ் என்னும், முழுதும் ஆய்வுக்கூடத்தில் தொகுக்கப்பட்ட மருந்து 2001 முதல் உண்டு. ஆனால் இதய அறுவைக்கும் டயாலிசிஸுக்கும் அது ஹெபாரினின் இடத்தை நிரப்பவில்லை. ஆகவே அவசரமில்லாத வேளையில் மாற்று உண்டா என மருத்துவரிடம் கேட்பது நம் உரிமை. அவசர வேளையில் சிகிச்சையைத் தாமதிப்பது நம் உரிமையன்று. தெளிவு வேண்டுவோர் கற்றறிந்த ஆலிமிடமும் கற்றறிந்த மருத்துவரிடமும் ஒருங்கே கேட்டறிக.

பாற்குடத்தில் வந்த மருந்து

ஹெபாரின் ஊசி வழியாகச் செல்வது. மாத்திரையாக விழுங்கும் மருந்தின் கதை வேறு. 1920களில் வட அமெரிக்காவின் மாடுகள் பூஞ்சணம் பிடித்த இனிப்புத் தீவனப் புல்லைத் தின்று, குருதி கசிந்து மாண்டன. 1933ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் எட் கார்ல்சன் என்னும் விவசாயி, செத்த கன்றையும் அந்தத் தீவனத்தையும் உறையாத குருதி நிறைந்த பாற்குடத்தையும் சுமந்துகொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் லிங்க் என்பாரிடம் வந்தார். அங்கே தொடங்கிய ஆய்வு 1939இல் நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழித்தோன்றலான வார்ஃபரின் 1948இல் எலிப்பாஷாணமாக வந்து, 1954இல் மனிதருக்கு மருந்தாயிற்று. மறு ஆண்டில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே அது கொடுக்கப்பட்டது. எலியைக் கொல்வதும் அதிபரைக் காப்பதும் ஒரே பொருள்; இடையே நின்றது அளவு.

இம்மருந்தை உண்போருக்கு ஐ.என்.ஆர். என்னும் அளவீடு உயிர்நாடி. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் விடை மாறிய குழப்பத்தைத் தீர்க்க உலக சுகாதார நிறுவனம் 1983இல் அதனை ஏற்றது. நலமுள்ளவருக்கு அது ஒன்றை ஒட்டி நிற்கும். மருந்து உண்பவருக்குப் பொதுவாக இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே நிறுத்துவர். 2000க்குப் பின் வந்த கைக்கருவிகள் சில, இதனை மின்வேதியியலால் அளக்கின்றன. விரல்நுனிக் குருதித் துளி சோதனைப் பட்டையில் படும். உறைவின்போது பிறக்கும் திராம்பின் என்னும் நொதி, பட்டையிலுள்ள செயற்கைப் பொருளை வெட்டும். வெட்டுண்ட துண்டு மின்முனையில் மின்னோட்டத்தை எழுப்பும். ஓரிரு நிமிடத்தில் எண் திரையில் தெரியும்.

கல்வராயன் மலையடிவாரத்தில்

இனி நம் மண்ணுக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமான கல்வராயன் மலை, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதியாகப் பரந்து கிடக்கிறது. கோமுகி ஆறு அங்கே பிறக்கிறது. ஜாகீர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் கிடந்த அம்மலையூர்கள் 1976இல்தான் அரசின் நேரடி நிருவாகத்துள் வந்தன. மலையாளிப் பழங்குடியினர் அங்கு மிகுதி. வெள்ளிமலை அவர்தம் வட்டத் தலைநகர். 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 சனவரி 12இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

மலைக்காட்டிலும் வயல்வரப்பிலும் கண்ணாடி விரியன் உண்டு. அதன் நஞ்சு குருதியின் உறைவுச் சரக்கு முழுவதையும் செலவழித்துத் தீர்த்துவிடும். பின்னர்க் குருதி உறையாது. கடியுண்டவரின் குருதியைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பர். உறையாமல் வழிந்தால் நஞ்சு ஏறியுள்ளது. நச்சுமுறி மருந்து தேவை. லீயும் ஒயிட்டும் வகுத்த முறையின் நெருங்கிய உறவே இது. மின்சாரமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். இப்பாம்புக்குப் பெயர் தந்த பாட்ரிக் ரஸ்ஸல், சிரியாவின் ஹலப் நகரில் இருபது ஆண்டுகள் மருத்துவராக இருந்து, பின்னர் விசாகப்பட்டினம் வந்து, 1796இல் சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி நூல் எழுதியவர்.

2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நிகழ்ந்ததை எவரும் மறந்திலர். மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி எனப் பல மருத்துவமனைகளில் பாதிக்கப்பட்டோர் சேர்க்கப்பட்டனர். மெத்தனால் உடலுள் ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணையும் மூளையையும் தாக்கும். அதனைக் குருதியிலிருந்து வெளியேற்றும் முதன்மையான வழிகளுள் டயாலிசிஸ் ஒன்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு. டயாலிசிஸுக்கு வழக்கமாக ஹெபாரின் வேண்டும்; ஆனால் மெத்தனாலால் புண்பட்ட மூளையில் குருதிக் கசிவு நேரக்கூடுமாதலால், ஹெபாரினைத் தவிர்த்தோ மிகக் குறைத்தோ நடத்துமாறு மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. குருதியில் எவ்வளவு ஹெபாரின் உள்ளது என்பதைப் படுக்கையருகே நொடியில் சொல்லும் கருவியின் தேவை எத்தகையது என்பதை இத்தகைய இரவுகளே உணர்த்தும்.

இன்னொரு சாரார் உளர். சிறுவயதில் தொண்டைப்புண்ணாய்த் தொடங்கும் வாதக்காய்ச்சல் இதய வால்வைச் சிதைக்கும். அது ஏழைகளின் நோய். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் வழிகாட்டலில் உருவான உள்நாட்டுச் செயற்கை வால்வு 1990 டிசம்பர் 6இல் முதன்முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அயல்நாட்டு வால்வின் விலை எட்டாத பலருக்கு அது வாழ்வளித்தது. ஆனால் உலோக வால்வு பொருத்தியவர் ஆயுள் முழுதும் உறைவெதிர் மருந்து உண்ண வேண்டும், அவ்வப்போது ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். மலையூரில் வாழும் ஏழைக்கு ஒவ்வொரு சோதனையும் ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமுமாகும். சோதனையைத் தள்ளிப்போட்டால் வால்வில் குருதி கட்டும். அல்லது மூளையில் கசியும். அறுவை அரங்கில் பெற்ற உயிரை அளவீடு இன்மையால் இழப்பது எத்துணைக் கொடுமை!

இம்மருந்தை உண்போர் நம் வீடுகளிலும் உளர். அவர்கள் ஐ.என்.ஆர். குறிப்பேட்டைப் பேணுக, கீரையை ஒருநாள் மிகுத்தும் ஒருநாள் விலக்கியும் உண்ணாமல் ஒரே சீராக உண்க. ரமளானில் மருந்து வேளையை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்க. ஹிஜாமா செய்துகொள்ள எண்ணினால் மருத்துவரிடம் சொல்லாமல் செய்யற்க. வலிமாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கற்க.

வரலாறு உணர்த்துவது

இந்நெடிய வரலாற்றில் ஒழுங்கு ஒன்று தெரிகிறது. மருந்து முதலில் வருகிறது. அதை அளக்கும் கோல் பிந்தி வருகிறது. அக்கோல் ஏழையின் ஊருக்குக் கடைசியாக வருகிறது. ஹெபாரின் 1916இல் கண்டறியப்பட்டது. அதன் அளவை நேரே உணரும் மின்முனை 1992இல்தான் வந்தது. விரல்நுனிப் பட்டை நகரத்துச் செல்வர் வீட்டு மேசையில் இருக்கிறது. வெள்ளிமலைத் தாய்க்கு அது கையெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அது ஆடம்பரமன்று. ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு அதன் அளவைக் காணும் வழியைக் கொடாமல் விடுவது, துலாக்கோலின் ஒரு தட்டை மட்டும் கையில் கொடுப்பது போன்றதே.

அல்கிந்தீ தொடுத்த கணக்கும் அல்காஸினீ எழுதிய துலாக்கோலும் நம் மதரஸாக்களின் நினைவில் பெருமைக்குரிய பெயர்களாக நிற்கின்றன. பெயரைப் போற்றுவது எளிது. அவர்கள் செய்த வேலையைத் தொடர்வதே அவர்களுக்குரிய மரியாதை. வேதியியலும் மின்னணுவியலும் பயிலும் நம் பிள்ளைகளுள் ஒருவர், ஆய்வுக்கூடத்தில் நின்றுபோன அந்த மெல்லிய படலத்தை மலிவானதாக்கி மலையேற்றுவாராயின், அவர் கற்ற இல்மு பயனுடைய இல்மாகும். அதனால் காக்கப்படும் உயிர் எந்த இனத்தாருடையதாயினும் சரியே.